காசியை ஏன் விட்டுவிட்டீர்கள்?
‘சுப்ரமணியபுரம்’ படம் பற்றிய கட்டுரையில், துரோகப் பழி முழுவதையும் நாயகி துளசியின் தலையில் கட்டிவிட்டார் கட்டுரையாளர். காதலன் அழகரை வரவழைத்துக் கொலையாளிகளிடம் கொடுத்தவள் அவள்தான். ஆனால் வீட்டாரின் நெருக்கடியில், அழுதுகொண்டே செய்தாள். அழகரின் கூட்டாளி காசிக்கு என்ன நெருக்கடி? கூடவே சுற்றி, கூடவே குடித்தவன், நண்பன் பரமனைப் பணத்துக்குக் காட்டிக்கொடுத்தான். காசியாக நடித்து அதுவரை நம்மைச் சிரிக்கவைத்த கஞ்சா கருப்புவின் முகம் என்பதால்தான் வயிற்றைப் பிசைந்தது. 2008-இல் தியேட்டரில் பக்கத்து இருக்கைக்காரர் ‘அடப்பாவி’ என்று முனகியது இன்னும் காதில் இருக்கிறது. 28 ஆண்டுச் சிறைவாசம் முடிந்து வரும் காசியை வாசலிலேயே கத்தி வரவேற்கும் முதல் காட்சியின் கணக்கு அங்கேதான் நேராகிறது. இந்த நண்பர்களைக் கொலைக்கு ஏவிவிட்டு, ஜாமீன் எடுக்கக்கூட வராத துளசியின் சித்தப்பா கனகு மட்டும் என்ன யோக்கியனா? அவனுக்கும் கட்டுரையில் ஒரே ஒரு வரிதான்!