ஒரு வரி லாக்கைப் பார்க்க இத்தனை தவமா?

கட்டளை வரியில் நெடுநேரம் ஓடும் ஒரு கன்சோல் வேலை ஏன் பாதியில் முடங்குகிறது என்று கண்டுபிடிக்க, கோடுக்குள் பிழை தேட உதவும் ஒரே ஒரு டிபக் வரியைச் சேர்த்துவிட்டு, அது நிரலின் நடப்புகள் பதிவாகும் லாக் கோப்பில் வந்து விழும் என்று நம்பியதுதான் நான் செய்த குற்றம்.

நான் பயன்படுத்தும் யீ 2 என்ற பிஎச்பி ஃபிரேம்வொர்க்கில், டிபக் நிலையை இயக்கும் மாறிலியை அதன் மையக் கோப்பு ஏற்றப்படுவதற்கு முன்பே வரையறுத்துவிட வேண்டும். இல்லையேல் அது தானாகவே அணைந்த நிலையை எடுத்துக்கொண்டு, நாம் எழுதும் டிபக் வரிகளை ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் விழுங்கிவிடுகிறது. இணையதளத்தின் இன்டெக்ஸ் கோப்பில்தான் அதை இயக்கியிருக்கிறேனே என்று வாதாடிப் பயனில்லை, கன்சோலுக்கு நுழைவுக் கோப்பும் தனி, அமைப்புகளைச் சொல்லும் கான்ஃபிக்கும் தனி.

அதையும் சரிசெய்தேன். லாக் கோப்பு அசையவில்லை. டெம்ப்ளேட்டோடு வரும் கான்ஃபிக்கில் எரர், வார்னிங் என்ற இரண்டு செய்தி நிலைகளுக்கு மட்டுமே அனுமதி உண்டு. சரியென்று மூன்றாவதாக 'டிபக்' என்று சேர்த்தால், அப்படியொரு நிலையே கிடையாது என்று முகத்தில் அடித்தாற்போல் பிழை வருகிறது. நாம் அழைக்கும் மெத்தடின் பெயர் டிபக்காக இருந்தாலும், கான்ஃபிக்கில் அந்த நிலையின் பெயர் ட்ரேஸ். (2.0.14 பதிப்பில் மெத்தடுக்குப் புதுப்பெயர் சூட்டியவர்கள் நிலைக்குச் சூட்ட மறந்தார்களோ, மறுத்தார்களோ!)

இவ்வளவுக்குப் பிறகும் கோப்பு காலியாகவே கிடந்தது, ஏனென்றால் 1000 செய்திகள் சேரும்வரை அவை நினைவகத்திலேயே அடைகாக்கப்படுகின்றன. முடங்கிய வேலையைக் கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தினாலோ, அடைகாத்தவை அத்தனையும் அதனுடனேயே செத்துப்போகின்றன. முடக்கத்தை ஆராய்வதற்கென்றே எழுதிய வரி, முடங்கும்போது மட்டும் கைக்கு எட்டாது என்றால் அது எதற்கு? இந்த 1000 என்ற எண்ணும் ஓரிடத்தில் இல்லை. செய்திகளைச் சேர்க்கும் லாக்கரில் ஒன்று, அவற்றைக் கோப்பில் எழுதும் டார்கெட்டில் ஒன்று என்று இரண்டு இடங்களில் இருக்கிறது, ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றொன்று தடுத்து நிற்கும்.

இரண்டையும் 1 என்று மாற்றினேன். மௌனம் போய் வெள்ளம் வந்தது. ஒவ்வொரு வரிக்குக் கீழும் சர்வர் மாறிகளின் முழுப் பட்டியலும் கொட்டப்பட்டதால், 10 எம்பி எட்டியதும் சுழலும் (புதியது தொடங்கி, மிகப் பழையது அழியும்) லாக் கோப்புகள் பம்பரமாகச் சுழன்றன. அந்தப் பட்டியலைத் தடுக்க 'லாக்வார்ஸ்' என்ற அமைப்பைக் காலியாக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவந்தபோது, நான் தேடிய அந்த ஒற்றை வரி இருந்த கோப்பு அழிக்கப்பட்டிருந்தது.