தென்னாப்பிரிக்காவில் மிதிவண்டி ஓட்டுவோருக்குத் தலைக்கவசம் கட்டாயம்

"ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய இரு நாடுகளில்தான் மிதிவண்டிக்குத் தலைக்கவசம் கட்டாயம், நம் தென்னாப்பிரிக்காவில் அது அவரவர் விருப்பம்" என்று மேலேயுள்ள பதிவில் அன்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். முதற்பாதியில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990இலும், நியூசிலாந்து 1994இலும் அவ்விதியைக் கொண்டுவந்தன. ஆனால் பிற்பாதி தவறு. 1996ஆம் ஆண்டின் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் 207ஆம் விதி, பொதுச்சாலையில் மிதிவண்டி ஓட்டுபவரும் அதில் பயணம் செய்பவரும் தலைக்கவசம் அணிந்தே தீரவேண்டும் என்கிறது.

டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதித் தெருக்களில் வெறுந்தலையோடு செல்லும் பிள்ளைகளை நானும் தினமும் பார்க்கிறேன். அதைக் கண்டு சட்டமே இல்லை என்று முடிவுகட்டிவிட முடியாது. 311ஆம் விதியும் பலருக்குத் தெரிவதில்லை: முன்னால் செல்லும் மிதிவண்டியை முந்தும் நேரம் தவிர, ஒருவர் பின் ஒருவராகவே செல்ல வேண்டும், மிதிவண்டிக்கெனத் தனிப் பாதை ஒதுக்கப்பட்டிருந்தால் அதைவிட்டு விலகக்கூடாது.

நெதர்லாந்தில் சாதாரண மிதிவண்டிக்குத் தலைக்கவசம் கட்டாயமில்லை என்று அவர் சொல்வது சரியே. எனினும் அங்கே மோட்டார் வண்டிகளிலிருந்து பிரிக்கப்பட்ட பாதைகள் நாடெங்கும் பரவியுள்ளன. லாரிகளோடு ஒரே தார்ச்சாலையைப் பகிர்ந்துகொள்ளும் டர்பன் பிள்ளைகளுக்கு அந்நாட்டை முன்மாதிரியாகக் காட்டுவது ஆபத்தானது. பெற்றோர் பலர் படிக்கும் இடம் என்பதால், அன்பர் தம் பதிவைத் திருத்திவிட வேண்டுகிறேன்.