நெஸ்டர் கிண்ணம்: படம் வேறு, எழுத்து வேறு

"ஹோமர் பாடிய நெஸ்டரின் தங்கக் கிண்ணம், அவர் பெயர் பொறித்தபடியே கிடைத்தது, ட்ராய் போர் நிஜம்" என்ற பதிவில் இரண்டு பொருட்கள் ஒன்றாகிவிட்டன. நெஸ்டர், ட்ராய் போரைப் பாடும் ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியட்டில் வரும் முதிய அரசர். படத்திலுள்ள தங்கக் கிண்ணம் 1876-இல் கிரேக்கத்தின் மைசீனியில் அகழ்வாளர் ஷ்லீமன் தோண்டியெடுத்தது. நெஸ்டர் பெயரோடு சேர்த்துப் பேசியவரும் அவர்தான். அதில் ஓர் எழுத்துகூடக் கிடையாது.

பெயர் இருப்பது இத்தாலியின் இஸ்கியா தீவில், 1954-இல் ஒரு கல்லறையில் துண்டுதுண்டாகக் கிடைத்த மண் கிண்ணத்தில். பத்து செ.மீ. உயரம்தான். காலம் கி.மு. 8ஆம் நூற்றாண்டு. சுட்ட பிறகு யாரோ கூர்முனையால் கீறிய மூன்று வரி, வலமிருந்து இடமாக. "இதில் குடிப்பவரை அழகிய முடிசூடிய அஃப்ரொடைட்டியின் மோகம் உடனே பற்றும்" என்று முடிகிறது. அஃப்ரொடைட்டி கிரேக்கர்களின் காதல் தெய்வம்.

"இதில் குடிப்பவரை" என்றதும் சாபம் வரப்போகிறது என்று நினைக்க வைத்து மோகத்தில் கொண்டுபோய் விடும் விருந்துக் கேலி, அவ்வளவே. இலியட்டில் வரும் கிண்ணத்துக்கு நான்கு கைப்பிடி, பொன் ஆணிகள். நிரம்பியிருந்தால் மற்றவர்கள் தூக்கத் திணறுவார்களாம். இந்தச் சின்ன மண்கிண்ணத்துக்கு அந்தப் பெயர் என்பதே நக்கல்தானே! நெஸ்டர் கதை அன்றே ஊரறிந்தது என்பதற்கு இது சாட்சி. போர் நடந்ததற்கு அல்ல.