‘ஒரு வாய்தானே’ என்று சொல்லி இனி யாரும் என் குட்டிக்கு எதையும் போடாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணி. காட்பாடி காந்தி நகரில் எங்கள் தெரு முனையில், பழைய துண்டில் சுற்றிய குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்டோவுக்காக நின்றிருந்தேன். அதற்குள் நாலு முறை வாந்தி எடுத்துவிட்டது. வயிற்றில் எதுவும் மிச்சமில்லை, வெறும் மஞ்சள் நுரைதான் வந்தது. எங்கள் ஜூலி, இரண்டு மாதம் பத்து நாள் ஆன லாப்ரடார் நாய்க்குட்டி. காலையில் என் புடவைத் தலைப்பைக் கடித்து இழுத்துக்கொண்டு வீடு முழுக்க ஓடியது, ராத்திரியில் தலையைத் தூக்க முடியாமல் கிடந்தது. காரணம், மத்தியானம் சாப்பாட்டு மேசைக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் நீட்டப்பட்ட ஒரு பிரியாணி எலும்பு.

நீட்டியவர் கணவரின் சித்தப்பா. ஆம்பூரிலிருந்து ஆசையாக அண்டாவோடு பிரியாணி கொண்டு வந்தவர். அவர் கெட்டவர் இல்லை. எனக்குக் கோபம் வருவதே அதனால்தான். கெட்டவர் என்றால் வாசலிலேயே நிறுத்திவிடலாம். பாசத்தோடு வந்து பாசத்தோடு உயிருக்கு உலை வைப்பவரை என்ன செய்வது? “வேண்டாம் சித்தப்பா, எலும்பு போடக் கூடாது” என்று நான் இரண்டு முறை சொன்னேன். “இன்னாமா நீ, நாய்க்கு எலும்பு போடாம வேற இன்னாத்த போடுவாங்க? ஒரு வாய்தான, இன்னா ஆயிடப் போவுது?” என்று சிரித்தார். நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் கொண்டு வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

வெந்த எலும்பு பச்சை எலும்பு மாதிரி இல்லை. வேகும்போது அதன் ஈரம் போய் மொறுமொறுப்பாகிவிடும். கடித்தால் ஊசி ஊசியாகச் சிதறும். அந்தச் சில்லு தொண்டையில் குத்தலாம், இரைப்பையில் தங்கலாம், குடலையே கிழிக்கலாம். எக்ஸ்ரேயில் மூன்று துண்டு தெரிந்தது. டாக்டர் அதைக் காட்டியபோது என் கால் நடுங்கியது. டிரிப்ஸ் ஏற்றினார்கள். அத்தனை சின்னக் காலில் நரம்பு கிடைக்காமல் இரண்டு இடத்தில் குத்தினார்கள். குட்டி கத்தக்கூட இல்லை, என் கையை நக்கியது. இரண்டு நாள் பார்ப்போம், வெளியே வராவிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். இரண்டு ராத்திரி நான் தூங்கவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடைசித் துண்டு மலத்தோடு வந்தது. அதைக் குச்சியால் கிளறிப் பார்த்து, எண்ணி, மூன்று என்று உறுதி செய்துகொண்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

எலும்பு மட்டுமா? பிரியாணியில் எவ்வளவு வெங்காயம் விழும் என்று ஆம்பூர்க்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பச்சையோ வதக்கியதோ, வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். அதுவும் உடனே தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் கறுத்துப் போகும்போதுதான் தெரியும். அதற்குள் போட்டவர் ஊருக்குப் போயிருப்பார்.

சரி, சித்தப்பா ஒருவர்தானா என்றால் இல்லை. ஜூலி எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ராணிப்பேட்டையில் தெரிந்த குடும்பத்தில் தாய் ஈன்ற எட்டுக் குட்டிகளில் ஒன்று. நாற்பத்தைந்து நாளிலேயே எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்கள். எட்டு வாரம் தாயோடு இருக்கட்டும் என்று காத்திருந்து வாங்கி வந்தோம். எட்டு வாரம் ஆகாத குட்டியை வளர்ப்பவர்கள் விற்கக் கூடாது என்று 2017-ல் மத்திய அரசு விதியே போட்டிருக்கிறது. எங்களுக்குச் சும்மா கொடுத்தார்கள்தான். ஆனால் விலைக்கு வாங்கினாலும் சும்மா வாங்கினாலும் தாய்ப்பாலும் கூடப்பிறந்தவர்களோடு விளையாட்டும் குட்டிக்கு ஒன்றுதானே? அப்படிப் பார்த்துப் பார்த்துக் கொண்டு வந்த குட்டிக்கு இந்தப் பன்னிரண்டு நாளில் யார் யார் என்னென்ன போட்டார்கள் என்று எழுதினால் எனக்கே மூச்சு முட்டுகிறது.

பக்கத்து வீட்டு அக்கா பால் ஊற்றினார். கேட்காமல், கேட்டைத் திறந்துகொண்டு வந்து ஊற்றினார். பசும்பாலில் இருக்கும் சர்க்கரை தாய்ப்பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்குச் செரிக்காது. அன்று ராத்திரி முழுக்க வயிற்றுப்போக்கு. வீட்டு ஓனர் டீயில் நனைத்த ரஸ்க் போட்டார். ஆற்காட்டிலிருந்து வந்த அத்தை மக்கன் பேடாவைப் பிட்டு ஊட்டினார். மைதாவும் கோவாவும் சர்க்கரைப் பாகும் எண்ணெயில் பொரித்தது இரண்டு மாதக் குட்டிக்கு எதற்கு? மாடி வீட்டில் பிறந்தநாள் என்று பாயசம் வந்தது. நான் வாங்கி மேசையில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள், கொண்டு வந்த பெண் டம்ளரைக் குட்டியின் வாயில் வைக்கிறாள். பாயசத்தில் மிதப்பது உலர்ந்த திராட்சை! திராட்சை நாயின் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யும். எத்தனை தின்றால் ஆபத்து என்று கணக்குக்கூடக் கிடையாது. சில நாய் பத்து தின்றும் ஒன்றும் ஆகாது, சில நாய்க்குச் சிலதே போதும். தட்டிவிட்டேன். பாயசம் அவள் சுடிதாரில் கொட்டியது. அன்றிலிருந்து அவர்கள் என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருக்கட்டும்.

ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் உறவுக்காரர் ஒருவர் ஒரு பை நிறையத் தோல் வெட்டுத் துண்டுகளைக் கொண்டு வந்தார். “பல்லு ஊறும், கடிச்சிகினு விளையாடட்டும்.” இதை எப்படித் தாங்குவது? அந்தத் தோல் எதில் ஊறி வந்தது என்று இந்த மாவட்டத்துக்காரருக்குத் தெரியாதா? குரோமியம் உப்பில் பதப்படுத்திய தோல் அது. அந்தக் கழிவு பாலாற்றிலும் கிணற்றிலும் நிலத்திலும் கலந்ததால்தானே வேலூர் மக்களே உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் நாடே பேசுகிற தீர்ப்பை வாங்கினார்கள்? நம் வீட்டுக் கிணற்றில் கலந்தபோது விஷம் என்று தெரிந்தது, நாய்க்குட்டி வாயில் மட்டும் பொம்மையாகிவிடுமா? பல் ஊறினால் ஈரத்துணியை முறுக்கி ஃபிரீசரில் வைத்துக் கொடுத்தால் போதும். நான் அதைத்தான் செய்கிறேன். அவள் அதைக் கடித்துக்கொண்டே தூங்கிவிடுகிறாள்.

எல்லாரும் சொல்கிற ஒரே காரணம், “பசியோட பாக்குது, பாவமா இருக்கு.” இதற்கு மட்டும் பொறுமையாகப் பதில் சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். லாப்ரடார் நாய் அப்படித்தான் பார்க்கும். இப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தாலும் அப்படித்தான் பார்க்கும். 2016-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள்: லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, ‘சாப்பிட்டது போதும்’ என்று மூளைக்குச் சொல்ல உதவும் பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு பகுதியே இல்லை. அந்த நாய்க்குச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே மறுபடியும் பசிக்கும். அது பிறப்பிலேயே வந்த குறை. அந்தக் குறையைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, அதே குறைக்குத் தீனி போடுகிறீர்கள்.

இன்னொரு ஆய்வையும் சொல்லிவிடுகிறேன், அமெரிக்காவில் லாப்ரடார்களை மட்டுமே வைத்துச் செய்தது. 48 குட்டிகள். ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குப் போடுவதைவிட இன்னொன்றுக்கு 25 சதவீதம் குறைவாகப் போட்டு, ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருடம் அதிகமாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தள்ளித்தான் வந்தது. நாயின் வாழ்க்கையே பன்னிரண்டு, பதின்மூன்று வருடம்தான். அதில் இரண்டு வருடத்தைத்தான் ஒவ்வொரு வாயாக நீங்கள் பிடுங்குகிறீர்கள்.

“எங்க வீட்டு நாய் பழைய சோறு தின்னே பதினஞ்சு வருஷம் கெடந்துச்சு” என்கிறார்கள். இருந்திருக்கும். ஆனால் அந்த நாயோடு பிறந்த மற்ற ஆறு குட்டி எங்கே என்று கேட்டால் யாருக்கும் ஞாபகம் இல்லை. எங்கள் தெருக் கோடியில் தை மாதம் ஒரு நாய் ஏழு குட்டி போட்டது. மாசி முடிவதற்குள் ஐந்து போய்விட்டன. ரத்தமாகக் கழிந்து, ஒன்றன்பின் ஒன்றாக. தெரு நாய்க்கெல்லாம் யார் ஊசி போடுகிறார்கள் என்று கேட்பவர்கள் அந்த ஐந்தை ஏன் எண்ணுவதில்லை? அது பார்வோ, நாயின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். அதனால்தான் செருப்பை கேட்டுக்கு வெளியே விடுங்கள் என்கிறேன். குட்டிக்கு முதல் ஊசிதான் முடிந்திருக்கிறது. மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறை என்று பதினாறு வாரம் வரை போட்டு முடிக்க வேண்டும், வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில். அதுவரை தெருவில் இறக்க மாட்டேன். “வூட்லயே பூட்டி வெச்சி கொடுமை பண்ற” என்று கேட்டவர்களுக்கும் இதுதான் பதில்.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேலூர்க்காரர்களுக்குத் தெரியாத வெயிலா? கத்திரியில் நாமே பதினோரு மணிக்கு மேல் வெளியே தலைகாட்டுவதில்லை. குளிர் நாட்டு மீனவர்களோடு ஐஸ் தண்ணீரில் நீந்திய நாய்களின் வம்சம் இது. மேல் ரோமத்துக்குக் கீழே இன்னொரு அடர்த்தியான ரோமம் இருக்கிறது. உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். மத்தியானம் மொட்டை மாடியில் விட்டுப் பந்து எறிந்து விளையாட வேண்டும் என்று வரும் பையன்களை நான் திருப்பி அனுப்பினால் அவர்கள் அம்மாக்களுக்குக் கோபம் வருகிறது. அந்தத் தளத்தில் புறங்கையை வைத்து ஐந்து விநாடி எண்ணிப் பாருங்கள், அப்புறம் கோபப்படுங்கள்.

எல்லாவற்றையும்விட என்னை எரியவைத்தது செவ்வாய்க்கிழமை வந்த போன். குட்டி பிழைத்துவிட்டது என்று சொல்கிறேன். “ஒரு நாய்க்கு இவ்ளோ செலவா? அந்தக் காசுக்கு வேற குட்டியே வாங்கியிருக்கலாமே” என்கிறார்கள். வேறு குட்டி! அவள் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து முனகினால் நான் எழுந்து தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. நாலு வேளைச் சாப்பாட்டை அளந்து போடுகிறேன். டைல்ஸில் கால் வழுக்கி இடுப்பு எலும்பு கெடக் கூடாது என்று வீடு முழுக்கப் பழைய கோணிப்பையும் பாயும் விரித்திருக்கிறேன். என் காலடிச் சத்தம் கேட்டால் மட்டும் வாலோடு சேர்ந்து இடுப்பே ஆடுகிறது. அந்த இடத்தில் வேறொன்றை வைத்துவிடலாமாம்.

கேட்டில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: ‘குட்டிக்கு எதுவும் போடாதீர்கள். டாக்டர் உத்தரவு.’ நான் சொன்னால் கேட்காதவர்கள் டாக்டர் என்றாலாவது கேட்பார்கள் என்றுதான் கடைசி வரியைச் சேர்த்தேன். மறுநாள் காலை, கேட்டுக் கம்பிக்கு உள்பக்கம் இரண்டு பிஸ்கட் கிடந்தன.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா குட்டியைப் பார்க்க மறுபடியும் வருகிறாராம். வரட்டும், தாராளமாகச் சாப்பிடட்டும். ஜூலி உள் அறையில் இருப்பாள், தாழ் போட்டிருக்கும், சாவி என் இடுப்பில் இருக்கும். வெறுங்கையைக் கழுவிக்கொண்டு வந்தால் நானே திறந்துவிட்டு அவர் மடியில் வைப்பேன். இல்லையென்றால் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போகலாம்.