ஏழு நிமிடத்தில் வேகிற பீட்சாவுக்கு இருபத்தைந்து நிமிட வாக்குவாதம்

மகளின் பிறந்தநாளுக்கு எல்லோரும் ஒரு பீட்சா கடைக்குப் போயிருந்தோம். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. அந்தப் பெயரை இழுத்துப் போட்டு அடிப்பதற்காக இதை எழுதவில்லை. அன்றைக்கு மனதில் தைத்த ஒன்று இன்னும் போகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எட்டுப் பேர், மூன்று பெரிய பீட்சா. இரண்டில் கோழி, ஒன்று சுத்த சைவம். அது பெரியம்மாவுக்காக. ஆர்டர் எடுத்த தம்பியிடம் இரண்டு தடவை சொன்னேன், அவரும் தலையாட்டினார்.

ஐம்பது நிமிடம் ஆயிற்று. எங்கள் மேசையில் இருந்து பார்த்தால் அடுப்பு தெரியும். நகரும் கம்பிப் பட்டையில் ஒரு பக்கம் மாவு உள்ளே போகும், மறுபக்கம் வெந்து வெளியே வரும். வந்ததெல்லாம் பெட்டிக்குள் போய், வாசலில் ஹெல்மெட்டோடு நின்றவர்களின் பைகளில் ஏறியது. ஒவ்வொரு பெட்டியும் மூடப்படும்போது மகள் எழுந்து எழுந்து பார்த்தாள். கடைசியில் பசியில் என் மடியில் சாய்ந்துவிட்டாள். கடைக்கே வந்து உட்கார்ந்திருக்கிறவர்கள் யார் கண்ணிலும் படவில்லை.

ஒருவழியாக வந்தது. பெரியம்மா சைவத்தில் ஒரு துண்டை எடுத்தார். சீஸ் நூலாக இழுபட்டது, அந்த நூலோடு ஒரு கோழித்துண்டும் மேலே வந்தது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டைத் தட்டில் வைத்துவிட்டு, காகிதத்தை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். அப்புறம் தட்டை மெதுவாகத் தள்ளிவைத்தார்.

கூப்பிட்டுக் காட்டினேன். "மேலே இருக்கிறதை எடுத்துட்டுச் சாப்பிடலாமே மேடம்" என்றார் அந்தத் தம்பி. முடியாது என்றதும், பில்லில் சைவம் என்றுதான் இருக்கிறது, அதனால் போட்டதும் சைவம்தான் என்றார். கண்ணுக்கு எதிரே கோழித்துண்டு கிடக்கிறது! மேனேஜரைக் கேட்டோம். வந்தவர் தட்டைக்கூடப் பார்க்கவில்லை. இன்னொன்று போட்டுத் தர அவருக்கு அனுமதி இல்லையாம், கஸ்டமர் கேரில் புகார் கொடுக்கச் சொன்னார். இப்படியே இருபத்தைந்து நிமிடம். "விடும்மா, எனக்குப் பசியே இல்லை" என்று பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். காலையில் இருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அந்த மாதிரிப் பட்டை அடுப்பில் ஒரு பீட்சா வேக ஆறு, ஏழு நிமிடம் போதும். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர முறையில் விறகு அடுப்பில் சுடுகிறவர்கள் 60 முதல் 90 விநாடிக்குள் எடுத்துவிடுகிறார்கள். மாவு முன்பே பிசைந்து உருண்டையாக இருக்கிறது. காய்கள் நறுக்கித் தட்டில் இருக்கின்றன. தப்பானால் திரும்பச் செய்ய இதைவிடச் சுலபமான சாப்பாடு கிடையாது. எங்களோடு வாதாடிய நேரத்தில் மூன்று பீட்சா சுட்டிருக்கலாம். தப்பு நடந்ததற்காக எனக்குக் கோபம் வரவில்லை. கூட்ட நேரம், கை மாறிப் போயிருக்கும், யாருக்கும் நடக்கும். சரிசெய்ய எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் ஒருவரும் கையை நீட்டவில்லையே, அதுதான் ஆறவில்லை.

ஏன் நீட்டவில்லை? படிக்கும்போது பகுதி நேரமாக இப்படி ஒரு கடையில் வேலை பார்த்த என் அக்கா மகனிடம் கேட்டேன். அவன் சொன்னதைக் கேட்ட பிறகு அந்தத் தம்பி மேல் இருந்த கோபம் பாதி இறங்கியது. சமையலறையில் ஒரு திரை இருக்குமாம். ஆர்டர் வந்த நொடியில் இருந்து நேரம் ஓடும், தாண்டினால் சிவப்பாகும். சிவப்பு அதிகமானால் அந்த ஷிப்ட்டுக்குத் திட்டு. அதனால் பீட்சா தயாராகும் முன்பே 'முடிந்தது' என்று அழுத்திவிடுவார்களாம். திரை சுத்தமாக இருக்கும், மேசையில் ஆள் காத்திருப்பார். திரும்பச் செய்த பீட்சா ஒவ்வொன்றையும் வீண் கணக்கில் எழுத வேண்டும். அதற்கும் கேள்வி உண்டு. "சித்தி, மன்னிச்சுக்கோங்கன்னு சொன்னாலே தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு எங்களுக்குப் பயம்" என்றான். மன்னிப்புக் கேட்கவே பயப்படுகிற இடத்தில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் நாம் எதை எதிர்பார்க்கிறோம்?

இந்த நேரக் கணக்கின் கதை பழையது. 1980களில் அமெரிக்காவில் டாமினோஸ், முப்பது நிமிடத்துக்குள் வீட்டுக்கு வராவிட்டால் பீட்சா இலவசம் என்று விளம்பரம் செய்தது. ஓட்டுநர்கள் பறந்தார்கள், விபத்துகள் நடந்தன. 1993இல் ஒரு விபத்து வழக்கில் நடுவர் குழு 7 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தரச் சொன்ன பிறகுதான் அமெரிக்காவில் அந்த வாக்குறுதியைக் கைவிட்டார்கள். வாக்குறுதி போனாலும் ஓடுகிற கடிகாரம் போகவில்லை, சமையலறைச் சுவருக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அதே நிறுவனம் 2009 கடைசியில் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். அடிப்பகுதி அட்டையைக் கடிப்பது போல இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் சொன்னதைத் தங்கள் விளம்பரத்திலேயே ஒளிக்காமல் காட்டினார்கள். செய்முறையை மாற்றினார்கள். ஊர் பார்க்க 'ஆமாம், நன்றாக இல்லை' என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும். தலைமை அலுவலகம் விளம்பரத்தில் சொல்ல முடிந்ததை ஒரு மேனேஜர் என் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா?

வீட்டுக்கு வரவழைத்தாலும் இதே கதைதான். போன வருடம் வேறொரு கடையில் இருந்து வந்த பெட்டியைத் திறந்தால் பீட்சா ஒரு ஓரமாகச் சரிந்து சுருண்டு கிடந்தது, சீஸ் முழுக்க மூடியில். பெட்டியைச் செங்குத்தாக வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். படம் அனுப்பினேன். 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று நொடியில் பதில். மூன்றாம் நாள் 'உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது' என்று இன்னொன்று. யாரும் பேசவில்லை, யாரும் எதையும் முடிக்கவில்லை.

பெட்டிக்குள் நடுவில் மூன்று கால் வைத்த குட்டிப் பிளாஸ்டிக் இருக்குமே, பொம்மை வீட்டு மேசை மாதிரி? பிள்ளைகள் எடுத்து வைத்து விளையாடுவார்கள். நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த கார்மேலா விட்டாலி என்ற பெண்மணி அதற்கு 1985இல் காப்புரிமை வாங்கினார். சூட்டில் தளர்ந்த மூடி சீஸில் ஒட்டிக்கொள்ளும் என்பதை யோசித்த மனசு அது. வீட்டில் பெட்டியைத் திறக்கப்போகிறவரின் முகத்தை நினைத்துப் பார்த்திருக்கிறார். சேவை என்று நான் கேட்பதும் அவ்வளவுதான். பல்லைக் காட்டிச் சிரிக்க வேண்டாம், 'நன்றி, மீண்டும் வருக' பாடம் ஒப்பிக்க வேண்டாம். கவுண்டரில் நிற்கிற பிள்ளைக்கு, தப்பானால் யாரையும் கேட்காமல் இன்னொன்று போட்டுத் தர உரிமை கொடுங்கள். அந்த ஒரு பீட்சாவின் மாவையும் சீஸையும் முதலாளி தன் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.

போன மாதம் மகள் மறுபடியும் பீட்சா கேட்டாள். பெரியம்மா வரவில்லை என்றார், வற்புறுத்தி அழைத்துப் போனோம். சின்னக் கடை, நாலே மேசை. ஒன்று சைவம் என்று சொன்னதும் சுடுகிற அண்ணன் எட்டிப் பார்த்து, "யாருக்குங்க?" என்று கேட்டார். பெரியம்மா கையைத் தூக்கினார். வெந்து வந்ததும், அதுவரை வெட்டிக்கொண்டிருந்த சக்கரக் கத்தியை ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே போய் வேறு கத்தியைக் கொண்டுவந்தார். கோழி பட்ட கத்தி சைவத்தில் படக்கூடாது என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. எனக்கே அது தோன்றியிருக்கவில்லை.

பெரியம்மா மூன்று துண்டு சாப்பிட்டார்.