கார்க்கை இறுக்கினால் மட்டும் போதாது

பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, வாயைக் கார்க்கால் அடைத்து, பம்பால் காற்றடித்துப் பறக்கவிடும் தண்ணீர் ராக்கெட்டைப் பற்றி, “கார்க்கை எவ்வளவு இறுக்கித் திணிக்கிறோமோ அவ்வளவு உயரம் ராக்கெட் போகும்” என்று சொல்வது பாதிதான் சரி. அழுத்தம் கூடும், உண்மை. ஆனால் கார்க்கைப் பிடித்து வைப்பது வெறும் உராய்வு. ஈரம் பட்டால் அதுவும் மாறிவிடும். எப்போது கிளம்பும் என்பது நம் கையில் இல்லை. சிக்கிக்கொண்டால் யாராவது கிட்டே போய் ஆட்டிப் பார்ப்பார்கள். ஆபத்தே அங்கேதான்.

பதிலாக, பிவிசி குழாயில் ஓ-ரிங் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) போட்டு, அதன் மேல் பாட்டிலின் வாயைச் செருகி, பாட்டில் கழுத்தின் விளிம்பைச் சுற்றிலும் கேபிள் டை (வயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை) தலைகளால் பிடிக்க வையுங்கள். டைகளை வெளியிலிருந்து இறுக்க அகலமான குழாய்த் துண்டு ஒன்று. அதை நீளமான கயிற்றால் கீழே இழுத்தால் பாட்டில் விடுபடும். அப்புறம், சோடா பாட்டிலையே எடுங்கள். சாதாரணத் தண்ணீர் பாட்டில் இந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதல்ல.