நல்லகண்ணு எம்.எல்.ஏ.வாக இருந்தாரா?

"இரண்டு முறை எம்.எல்.ஏ.வாக இருந்தும் சொந்த வீடு இல்லாதவர், தாமிரபரணியில் மணல் அள்ள நிரந்தரத் தடை வாங்கியவர்" என்று கம்யூனிஸ்ட் தலைவர் தோழர் நல்லகண்ணு படத்தோடு ஒரு செய்தி எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. அனுப்பிய சித்தப்பாவுக்கு நல்ல மனசுதான். ஆனால் இரண்டு விஷயம் தப்பு.

அவர் ஒருமுறைகூட எம்.எல்.ஏ.வாகவோ எம்.பி.யாகவோ இருந்ததில்லை. தேர்தலில் நின்றிருக்கிறார், தோற்றிருக்கிறார். 1999-இல் கோவை மக்களவைத் தொகுதியில் சி.பி.ராதாகிருஷ்ணனிடம் தோற்றது பலருக்கு நினைவிருக்கும். ஸ்ரீவைகுண்டத்துக்காரர் (அப்போது அது நெல்லை மாவட்டம்). கம்யூனிஸ்டுகள் மீது போடப்பட்ட நெல்லை சதி வழக்கில் சிறையில் கிடந்தார். பிடிபட்டபோது போலீஸ் அதிகாரி ஒருவர் சிகரெட் நெருப்பால் அவர் மீசையைப் பொசுக்கியதை அவரே சொல்லியிருக்கிறார். பதவி என்று பார்த்தால், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளர் பொறுப்புதான்.

அப்புறம் மணல். மணல் கொள்ளையை எதிர்த்து அவர் போட்ட வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2010 டிசம்பரில் தடை விதித்தது உண்மை. ஆனால் அது ஐந்தாண்டுத் தடை, நிரந்தரம் இல்லை. அப்போது அவருக்கு வயது 85-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னாலே போதும், சேர்த்துச் சொல்ல என்ன தேவை?

சரி, தனக்கு வந்த பணத்தை அவர் வைத்துக்கொண்டதில்லை என்றும் சொல்வார்களே? அது உண்மை. 2022-இல் தமிழ்நாடு அரசின் தகைசால் தமிழர் விருதோடு வந்த 10 லட்ச ரூபாயுடன் தன் கையிலிருந்து 5,000 ரூபாய் சேர்த்து, முதலமைச்சர் நிவாரண நிதிக்கே திருப்பிக் கொடுத்தார்.